வலைக்குப் பழி, அணைக்குப் பாராட்டு

மேகொங் ஆற்றின் இராட்சதக் கெளிறு அழியுது எண்டு எழுதுற கட்டுரைகளில படத்துக்கு எப்பவும் நிக்கிறது ஒரு மீனவர்தான். 2005இல் வட தாய்லாந்தின் சியாங் கோங்கில் பிடிபட்ட 293 கிலோ மீனின் படம் உலகமெல்லாம் சுத்தினது. பாத்தவுடன எல்லாரும் குற்றவாளியையும் கண்டுபிடிச்சிட்டினம்.

வலையால் இந்த மீன் குறைஞ்சது உண்மை. நாங்கள் மறுக்கேல்லை. ஆனால் 2006இல் சியாங் கோங் மீனவர்களே இந்த மீனுக்கு வலை போடுறதை நிறுத்த ஒத்துக்கொண்டவை. கம்போடியாவில் 2024 டிசம்பரில் ஐந்தே நாளில் ஆறு இராட்சதக் கெளிறுகள் வலையில் பட்டு, அடையாளம் கட்டி, உயிரோட திரும்ப ஆற்றில விடப்பட்டன. மீனவர்கள் ஒத்துழைக்காமல் இது நடந்திருக்குமோ?

அணை கட்டினவை எதை நிறுத்தினவை?

வளர்ந்த பிறகு பல்லில்லாத, பாசி தின்னுற இந்த மீன் முட்டையிட வெகுதூரம் ஆற்றில மேல போகவேணும். பொரிச்ச குஞ்சுகள் ஓடுற தண்ணியோட கீழ வரவேணும். சியாங் கோங், சியாங் சேன் பக்கம் முட்டையிடுது எண்டு நம்பப்படுது. அதுக்குக் கீழ, லாவோசில், ஆற்றுக்குக் குறுக்கே சயாபுரி அணை நிக்குது. 1,285 மெகாவாட். 2019 ஒக்ரோபரில் மின்னுற்பத்தி தொடங்கினது. ஏறக்குறைய 95 சதவீத மின்சாரம் தாய்லாந்துக்குப் போகுது. இதுக்குப் பேர் பசுமை மின்சாரம்!

மீன் ஏற வழி வைச்சிருக்கிறம் எண்டு பதில் வரும். ஏறுறது பாதிக் கதைதான். நீந்தத் தெரியாத குஞ்சு, ஓட்டமில்லாத நீர்த்தேக்கத்தைத் தாண்டி எப்பிடி இறங்கும்?

அப்ப பண்ணையில வளர்க்கலாமே எண்டு இன்னொரு பதில். 1983இலேயே தாய்லாந்து செயற்கையாக் குஞ்சு பொரிக்க வைச்சிட்டுது. அதுக்குப் பிறகும் 2003 முதல் இந்த மீன் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில்தான் இருக்கு. தொட்டியில மீனை வைச்சிருக்கலாம், ஆற்றை வைச்சிருக்க ஏலாது.

வழி இல்லாமல் இல்லை. கப்பல் போறதுக்காக மேகொங்கின் பாறைகளை வெடிவைச்சுத் தகர்க்கிற திட்டத்தை 2020 பெப்ரவரியில் தாய்லாந்து அமைச்சரவை கைவிட்டது. நிவாத் ரோய்கேயோ எண்ட சியாங் கோங் ஆசிரியரும் ஊர்ச்சனமும் வருசக்கணக்காப் போராடினதால் வந்த முடிவு அது. மீனைக் காப்பாத்தின பட்டியலில் ஆற்றங்கரைச் சனம்தான் முதல்ல வரவேணும்.

கலைப்பீடப் பெடியள் பெட்டையளுக்கு மீனில என்ன வேலை எண்டு கேக்கலாம். பழி ஆரில விழுது, இலாபம் ஆருக்குப் போகுது எண்டு பாக்கிறதுதான் நாங்கள் படிக்கிற படிப்பு. அதால ஒண்டே ஒண்டு கேக்கிறம்: அடுத்தமுறை இந்த மீனைப் பற்றி எழுதேக்க, மீனவரின்ர படத்துக்குப் பக்கத்தில அணையின்ர படத்தையும் போடுங்கோ. மின்சாரம் வாங்கிறது ஆரெண்டும் கீழ எழுதுங்கோ.