வியாபார முத்திரையும் வாடிக்கைக்காரர் மரியாதையும்

முத்திரை என்பது ஒருவன் தன் பொருளின்மீது இடும் கையெழுத்தாகும். இப்பொருள் என்னுடையது, இதன் நன்மை தீமைகளுக்கு நானே உத்தரவாதி என்று சொல்லாமற் சொல்லுவதே அதன் வேலை. சோழர் புலியையும், பாண்டியர் கயலையும், சேரர் வில்லையும் தத்தமக்கு உரியனவாகக் கொண்டது அழகிற்காக மாத்திரமன்று. செப்பேடுகளைக் கோத்த வளையத்திற் புலி பொறித்திருக்குமாயின், ஏட்டிலுள்ள சொல்லுக்குச் சோழன் பொறுப்பாளி என்று குடிகள் அறிந்தனர். பிற்காலத்தில் எழுத்தறியாத தாய்மார் தீப்பெட்டியைப் படத்தைக் கொண்டே கேட்டு வாங்கினர். படம் மாறினால் பொருள் மாறிற்று என்பது அவர்கள் துணிபு. ஆகவே முத்திரைக்கு இரண்டு தர்மங்கள் உண்டு. அது பிறருடையதாக இருத்தல் ஆகாது. அதன் பின்னே ஒருவர் நின்று பதில் சொல்லவும் வேண்டும். இவ்விரண்டும் இக்காலத்தில் எங்ஙனம் இருக்கின்றன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, சுயகற்பனை. நம் உத்திரமேரூர்க் கடைவீதியில் ஒருமுறை நடந்து, பெயர்ப்பலகைகளை மாத்திரம் நோக்குவோமாக. அரிசி மண்டிக்கும் கணினிப் பயிற்சிக் கூடத்திற்கும் ஒரே வளைகோடு. நகைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் ஒரே இலை. கணினியில் ஆயத்தமாய்க் கிடைக்கும் சித்திரத்தை எடுத்துப் பெயரை மாற்றி ஒட்டிவிட்டால் முத்திரை ஆயிற்று என எண்ணுகின்றனர். இதிற் பணச் செலவு குறைவுதான்; ஆயினும் பத்துக் கடைக்குப் பொதுவான முகம் எக்கடைக்கும் முகமாகாதன்றோ?

சுயகற்பனை என்றால் உலகில் எவரும் காணாத விசித்திரத்தை வரைதல் என்று மயங்க வேண்டுவதில்லை. நம் ரூபாய்க் குறியையே நோக்குக. இந்திய அரசாங்கம் 2009-இல் அறிவித்த போட்டிக்கு 3,000-க்கு மேற்பட்ட வரைவுகள் வந்தன. அவற்றுள் நம் தமிழ்நாட்டினராகிய உதயகுமார் என்பவர் வரைந்ததே 2010 ஜூலை 15-இல் ஏற்கப்பெற்றது. தேவநாகரியின் ரகரமும் பழையது. உரோமானிய எழுத்தாகிய 'ஆர்' என்பதும் பழையது. பின்னதன் நெடுங்கோட்டை நீக்கி இரண்டையும் ஓருருவாக இசைத்ததே புதியது. அவர் தமிழ் எழுத்துக்களின் வடிவங்களை நெடுநாள் ஆராய்ந்தவர் என்பதையும் மறத்தல் ஆகாது. பழையதை நன்கு கற்றவனுக்கே புதியது கைகூடும்.

இரவல் முத்திரையால் வரும் இழிவிற்கும் உதாரணம் உண்டு. 2020-ஆம் ஆண்டின் ஒலிம்பிக் பந்தயங்களுக்கென்று தோக்கியோ நகரத்தார் 2015 ஜூலையில் ஓர் இலச்சினையை வெளியிட்டனர். அது பெல்ஜியத்தின் லியேஜ் நகர நாடகசாலையின் முத்திரையை ஒத்திருப்பதாக வழக்கு எழுந்தது. வரைந்தவர் தாம் பார்த்தெழுதவில்லை என்றே கூறினார். எனினும் செப்டம்பர் முதல் நாளிலேயே அதைக் கைவிட நேர்ந்தது. மறு ஆண்டில், யப்பானியரின் பழைய சதுரக் கட்டக் கோலத்தினின்றும் எழுந்த நீலநிற இலச்சினையொன்றை ஏற்றுக்கொண்டனர். சந்தேகத்தின் நிழல் விழுந்த அளவிலேயே முத்திரை செத்துப்போம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தூரதேசம் செல்வானேன்? காஞ்சிப் பட்டு நமக்கு அண்மையிலுள்ளது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாய் நிற்க, அவற்றைக் கோர்வையால் இணைத்து நெய்யும் திறமே அதன் மெய்யான முத்திரை. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றுள்ளது. 2004 முதல், தூய பட்டு என்பதைக் காட்டும் 'சில்க் மார்க்' சீட்டும் உண்டு. இவ்வளவு காவல் எதற்கு? ஊர்ப் பெயரை மாத்திரம் இரவல் வாங்கி, விசைத்தறித் துணியை அப்பெயரால் விற்பார் இருத்தலினாலன்றோ? ஆங்கே திருடப்படுவது வெறும் படமன்று. குழித்தறியில் அமர்ந்த நெசவாளியின் வருடங்களே திருடப்படுகின்றன.

நிற்க. இரண்டாவதாகிய பொறுப்பைப் பற்றிச் சொல்லப் புகுங்கால் நம் மனம் அதிகம் நோகின்றது. பெரிய ஸ்தாபனங்கள் பெரும்பொருள் கொடுத்துத் தம் முத்திரையைப் புதுப்பிக்கின்றன. பலகை மாறுகிறது, வர்ணம் மாறுகிறது, சுவர்களும் பளபளக்கின்றன. ஆனால் பலகையின் கீழுள்ள மேசையில் மாறியது யாது? நாம் வாங்கிய ஒரு மின்விசிறி உத்தரவாத காலத்திற்குள்ளேயே நின்றுவிட்டது. கடைக்காரர் 30 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காஞ்சிபுரத்திற்குச் செல்லுங்கள் என்றார். காஞ்சிபுரத்தார் சென்னைக்குத் தொலைபேசியிற் சொல்லுங்கள் என்றனர். சென்னையிலோ மனிதர் இல்லை; பதிவுசெய்த குரல் ஒன்று, முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் இந்தியிலும், எண்களை அழுத்தும்படி கட்டளையிட்டது. அழுத்தினோம், இனிய சங்கீதம் கேட்டது, விசிறி மாத்திரம் சுழலவில்லை. இஃது எமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. ஒரு நாட் கூலியை இழந்து பட்டணத்திற்குப் பேருந்தேறும் கிராமவாசிக்கு இவ்வலைச்சல் பொருளின் விலையையே விழுங்கிவிடும்.

தொலைபேசி இணைப்பிற்கு ஆண்டுக் கணக்காகக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் வாடிக்கைக்காரன் மனுதாரன். மேசைக்கு அப்பாலிருப்பவர் வரமளிப்பவர். பொருள்கள் பெருகி அக்காலம் போயிற்று; அதன் மனோபாவமோ போகவில்லை. புதிய முத்திரையின் கீழ்ப் பழைய அலட்சியம் குடியிருப்பது சுண்ணாம்பு பூசிய கல்லறையை ஒக்கும்.

இதில் வேடிக்கையும் ஒன்று உண்டு. வாடிக்கைக்காரரே நம்மிடம் வரும் தலைசிறந்த விருந்தினர் என்னும் கருத்துடைய வாசகத்தைக் காந்தியடிகள் பெயரால் சட்டமிட்டுப் பல அலுவலகங்களில் மாட்டியுள்ளனர். அவர் அதை 1890-இல் தென்னாப்பிரிக்காவிற் பேசியதாகச் சொல்லுவாரும் உளர். அவ்வாண்டில் அவர் இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்தார். தென்னாப்பிரிக்கா சென்றது 1893-இல். முத்திரையும் இரவல், மரியாதையும் இரவல் என்றால், சொந்தமாய் எஞ்சுவது யாது?

சிறு வியாபாரிக்கு இவையெல்லாம் இயலுமோ என்று சிலர் வினவலாம். இயலும் என்பதே நம் விடை. முத்திரையே இல்லாத எத்தனையோ கிராமக் கடைகளில், தேங்காய் அழுகியிருந்தால் மறுபேச்சின்றி வேறு கொடுக்கின்றனர். கடைக்காரரின் முகமே அங்கே முத்திரை. பெரிய ஸ்தாபனத்தார் இழந்தது அம்முகத்தைத்தான்.

பொறுப்பென்பது யாதென அறிய நாம் அந்நிய நாட்டு நூல்களைத் தேட வேண்டுவதில்லை. நம்மூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே, முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. ஏறக்குறைய 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு உரியன. 30 குடும்புகளிலிருந்து குடவோலையால் வாரியத்தாரைத் தெரிந்தெடுத்தனர். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று இருந்தன. வாரியஞ்செய்து கணக்குக் காட்டாது போனவனும் அவன் உறவினரும் மறுபடி அப்பதவிக்கு ஆகார் என்று கல்லில் வெட்டிவைத்தனர். நிலமும் வேதக்கல்வியும் உடையார்க்கே அவ்வுரிமை இருந்தது என்னும் குறையை நாம் மறைக்கவில்லை. ஆயினும் பதவியேற்றவன் பதில் சொல்லக் கடவன் என்னும் விதி ஆயிரமாண்டு கடந்தும் பழமைப்படவில்லை. இன்றைய மேசைதான் அதனினும் பழமைப்பட்டுக் கிடக்கின்றது.

ஆதலின் நாம் வேண்டுவன சிலவே. முத்திரையைப் புதுப்பிக்கும் ஸ்தாபனம், முறையீட்டுக்குப் பதில் சொல்லும் ஒருவரையும் ஊர்தோறும் குறிப்பிடுக. அவர் தமிழில் பதில் சொல்லுக. வந்த முறையீடுகள் எத்தனை, தீர்ந்தவை எத்தனை என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டுக. வாங்குவோரும் வாளாவிருத்தல் ஆகாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எங்கிருப்பினும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து இலட்ச ரூபாய்க்கு மேற்படாவிடின் கட்டணமும் இல்லை. முறையீடு இரண்டாண்டுக்குள் செய்யப்பட வேண்டும். இதை நம் மாணவர் தத்தம் கிராமத்தாருக்கு எடுத்துரைப்பாராயின் அதுவே சிறந்த ஊழியமாகும்.

நம் கல்லூரி மாணவருட் சிலர் நாளை முத்திரை வரைவர். பலர் மேசைக்கு அப்பால் அமர்வர். வரைவோர் பிறர் கோட்டைத் திருடாதிருப்பாராக. அமர்வோர் எழுந்து நின்று வந்தவரை விசாரிப்பாராக. கோடுகள் எவ்வளவு அழகாயினும், அவற்றிற்கு மதிப்பைத் தருவது காத்த வாக்கே.