தொழிலைக் கற்போம், சான்றிதழைக் கேட்போம்

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. நிலம் போனாலும் கற்ற தொழில் கூடவே வரும்.

சாதாரண தரம் முடித்த பிள்ளைகளைக் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்பும் பெற்றோரே, நோயாளர் பராமரிப்பும் ஒரு தொழில்தான். படுக்கைப்புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதையும் நாடித்துடிப்பைக் குறிப்பதையும் முறையாகப் பயில வேண்டும். பதுளை வைத்தியசாலைக்கு வரும் தோட்டத்துத் தாயின் வலியைத் தமிழில் கேட்டறியவும் ஆள் வேண்டும்.

ஆனால் எல்லாப் பயிற்சியும் பயன் தராது. பணம் கட்டுமுன் கேளுங்கள்: நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? நாடெங்கும் செல்லும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா? இல்லையெனில் கையில் மிஞ்சுவது வெறும் தாளே.

சேவை என்று புகழ்ந்து சம்பளத்தைக் குறைப்போரிடம் நம் பிள்ளைகள் நியாயம் கேட்க அந்தச் சான்றிதழே துணை.