உறுமலுக்கும் ஓர் இலக்கணம்

‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. அந்தப் பழமொழி நமக்குத் தெரியும். நாய்க்குத் தெரியுமா என்று யாரோ வேடிக்கையாகக் கேட்டாராம். வகுப்பில் நாமும் இந்த வேடிக்கையைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்தது உண்டு. சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், மாமல்லபுரத்துக் கடற்கரையில், அந்தச் சிரிப்பு நமக்கு மறந்துபோயிற்று.

செங்கல்பட்டிலிருந்து முப்பது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போயிருந்தோம். அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தைக் காட்டினோம். பின்கால்களில் நின்று முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பி அருகே வந்திருக்கும் எலிகளையும் சுட்டி, “தோற்றத்தைக் கண்டு ஏமாறக் கூடாது” என்று உபதேசமும் செய்தோம். உபதேசம் செய்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நாமே ஏமாந்தோம்.

மீனவர் குப்பத்தின் ஓரமாகப் பிள்ளைகள் நடந்துகொண்டிருந்தார்கள். கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில், செம்மண் நிறத்து நாட்டு நாய் ஒன்று படுத்திருந்தது. அதன் மடியில் குட்டிகள் இருந்ததை நாம் கவனிக்கவில்லை. பிள்ளைகள் நெருங்கியதும், அது எழுந்திராமலே, தொண்டைக்குள் நீளமாக ஓர் உறுமல் உறுமிற்று. ஆசிரியர் என்ற அதிகாரத்தில் கையிலிருந்த குடையை ஓங்கி, “சீ, சும்மா இரு!” என்று அதட்டினோம். நாய் வாயை மூடிக்கொண்டது. காதுகளைப் பின்னால் சாய்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. அடங்கிவிட்டது என்று நமக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை நம்பி, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் குட்டியைத் தொடக் குனிந்தான். நாய் குரைக்கவில்லை, உறுமவில்லை. சத்தமின்றிப் பாய்ந்து அவன் முன்கையைக் கடித்துவிட்டது.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடிவந்தார். பையனைக் குழாயடிக்கு இழுத்துச் சென்று, சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே நம்மைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்: “அது மொதல்லியே சொல்லிச்சே ஸார். நீங்கதானே அது வாயை அடைச்சீங்க!”

பட்டம் பெற்று, பல வருஷம் இலக்கணம் கற்பித்த நமக்கு, அன்று அந்தக் குழாயடியில் கிடைத்தது புதிய பாடம். அதன்பின் இவ்விஷயத்தைத் தேடிப் படித்தோம். படித்ததை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியது நம் கடமை என்று கருதுகிறோம்.

நம் மொழி நாயின் குரலைக் கூர்ந்து கேட்ட மொழி. குரைத்தல் வேறு, உறுமல் வேறு, ஊளை வேறு, முனகல் வேறு, சிணுங்கல் வேறு. நாயின் குட்டியைக் ‘குருளை’ என்று வழங்குவது மரபு எனத் தொல்காப்பியத்து மரபியல் கூறுகிறது. இத்தனை சொற்களை வைத்துக்கொண்டும், இன்று எல்லாவற்றையும் ‘நாய் கத்துகிறது’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். உறுமலுக்குள்ளேயே பல பொருள் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் ஹங்கேரி தேசத்துத் தலைநகரமான புடாபெஸ்டில் இருக்கிறார்கள். அங்குள்ள ஏட்வஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாராகோ, பொங்ராட்ஸ், மிக்லோஷி முதலியோர் நாய்களின் உறுமலை மூன்று சந்தர்ப்பங்களில் பதிவு செய்தார்கள். எஜமானனோடு கயிறு இழுத்து விளையாடும்போது உறுமுவது ஒன்று. தன் எலும்பை இன்னொரு நாயிடமிருந்து காக்கும்போது உறுமுவது இரண்டு. அந்நிய மனிதன் மிரட்டுவதுபோல் நெருங்கும்போது உறுமுவது மூன்று. பிறகு, ஓர் எலும்பை வைத்து, அதன் பின்னால் ஒலிபெருக்கியை மறைத்து, வேறொரு நாயை உள்ளே விட்டார்கள். அது எலும்பை நெருங்கும் தருணத்தில் உறுமலை ஒலிக்கச் செய்தார்கள். எலும்பைக் காக்கும் உறுமலைக் கேட்ட நாய்கள் பெரும்பாலும் பின்வாங்கின. அந்நியனை மிரட்டும் உறுமலைக் கேட்டவை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. இரண்டும் கோப உறுமல்தான். ஆயினும் ‘இது என் எலும்பு’ என்பதையும் ‘நீ யார்?’ என்பதையும் நாய்க்கு நாய் பிரித்தறிந்துகொள்கிறது. இந்த ஆராய்ச்சி வெளியானது 2010-ல்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். விளையாட்டு உறுமல் குறில். சிறுசிறு துண்டுகளாக, ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வரும். காவல் உறுமல் நெடில். ஒரே மூச்சில் நீண்டு, தாழ்ந்த சுருதியில் நிற்கும். நமக்குப் படகடியில் கேட்டது நெடில்தான். கேட்கத்தான் கேட்டது, பொருள் தெரியவில்லை.

நாயின் உறுமல் அதன் உடலின் அளவையும் சொல்லிவிடுகிறது. தொண்டையிலிருந்து வாய்வரை உள்ள வழி நீளமானால், குரலின் ஓசை கனக்கும். பெரிய நாயின் உறுமலைக் கேட்கவைத்து, பெரிய நாய் ஒன்றும் சிறிய நாய் ஒன்றுமாக இரண்டு படங்களைக் காட்டியபோது, கேட்ட நாய்கள் பொருத்தமான படத்தையே மிகுதியாகப் பார்த்தனவாம்.

மனிதர்களுக்கு இந்தப் பாஷை எவ்வளவு புரியும்? 2017-ல் அதே ஆராய்ச்சியாளர்கள் 18 நாய்களின் உறுமல்களை 40 பேருக்குக் கேட்கவைத்துச் சோதித்தார்கள். நூற்றுக்கு 63 பங்கு சரியான விடை வந்தது. விளையாட்டு உறுமலை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 81. கோப உறுமல்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொன்னவர்கள் பலர். ஆண்களைவிடப் பெண்களே நன்றாகக் கண்டறிந்தார்கள் என்பதும் அந்தச் சோதனையின் முடிவு. குப்பத்து அம்மாளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமற்போனதில் வியப்பில்லை.

குரைப்புக்கும் இத்தகைய இலக்கணம் உண்டு. தாழ்ந்து, கரகரத்து, இடைவெளியின்றி வருவது கோபம். உயர்ந்து, தெளிந்து, நிறுத்தி நிறுத்தி வருவது தனிமையின் ஏக்கம். நாய் வளர்த்தே அறியாதவர்கள்கூட இவற்றை ஓரளவு பிரித்தறிகிறார்கள் என்று 2005-ல் கண்டார்கள். ஆறு வயதுக் குழந்தைக்குக்கூடக் கோபக் குரைப்பு புரிகிறது என்று பின்னர்க் கண்டார்கள். ஆகவே குழந்தையின் செவியில் குறையில்லை.

குறை கண்ணில் இருக்கிறது. நாய் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டுவதைச் சிறு குழந்தைகள் சிரிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்று இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வாலாட்டும் நாயெல்லாம் நண்பன் என்பதும் இத்தகைய மயக்கமே. உடல் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து ஆடும் வால் நட்பைக் காட்டும். உடல் விறைத்து, உயரத் தூக்கிய வால் மட்டும் துடித்தால் விலகுவதே நல்லது. தலையைத் திருப்புவதும், காதை மடிப்பதும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பதும் அச்சத்தின் அடையாளங்கள். நம் குடைக்கு முன்னால் அந்த நாய் தலையைத் திருப்பிக்கொண்டது அடக்கத்தால் அன்று, அச்சத்தால். பாறையில் செதுக்கிய பூனையின் பாவனையை விளக்கத் தெரிந்த நமக்கு, உயிருள்ள நாயின் பாவனையைப் படிக்கத் தெரியவில்லை.

இங்கேதான் நாம் சொல்ல விரும்பும் முக்கிய விஷயம் இருக்கிறது. உறுமல் குற்றமன்று, அது முன்னறிவிப்பு. கடிக்க விருப்பமில்லாத நாய்தான், ‘விலகிப் போ, கடிக்க வைக்காதே’ என்று உறுமுகிறது. வீட்டு நாய் உறுமினால் அடிக்கிறோம். தெரு நாய் உறுமினால் கல்லெறிகிறோம். அடிபட்ட நாய் அச்சத்தை விடுவதில்லை, அறிவிப்பதைத்தான் விட்டுவிடுகிறது. உறுமக் கூடாது என்று கற்ற நாய், அடுத்த தடவை நேரே கடிக்கிறது. ‘சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டது’ என்று பிறகு நாம் புகார் செய்கிறோம்.

பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியது அதிகமில்லை. உறுமல் கேட்டால் நில், ஓடாதே, கண்ணோடு கண் பார்க்காதே, முதுகைக் காட்டாமல் மெள்ளப் பின்வாங்கு. உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டி ஈன்ற நாய் ஆகிய மூன்றின் அருகே போகாதே. வழக்கத்துக்கு மாறாகக் குரல் கம்மிய நாயை இன்னும் தூரத்தில் வை. வெறிநோய் தொண்டைத் தசைகளைத் தாக்கும்போது குரல் மாறிப்போகும்.

இதில் விளையாட்டில்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் வெறிநாய்க்கடியால் மாள்கிறார்கள் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இந்தியர் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். வெறிநோய் உண்டென்று சந்தேகிக்கப்படும் பிராணிகளிடம் கடிபடுவோரில் பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 1885-ல் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றிய நாள் முதலாக இதற்குத் தடுப்பு மருந்து உண்டு. 1907-ல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் தோன்றிவிட்டது. இருந்தும் சாகிறோம் என்றால், அது மருந்தின் குற்றமன்று. காயத்தில் மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்பாமல், ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசிக்குக் காசில்லை.

பையனை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குத் திரும்பும் வழியில், திருக்கழுக்குன்றத்து மலை தெரிந்தது. உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சோறு உண்டு செல்வதை நாம் சிறுவயதில் அங்கே பார்த்திருக்கிறோம். இப்போது அவை வருவதில்லை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி, அந்த மாடுகளின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை 1990-களில் இந்தியா முழுவதும் அழித்தது. மாட்டு வைத்தியத்தில் அம்மருந்தை 2006-ல் தடுத்தார்கள். கழுகுகள் தின்னாமல் விட்டது நாய்களுக்குப் போயிற்று; நாய்கள் பெருகின. தெருவில் நாம் கொட்டும் எச்சிலும் குப்பையும் அவற்றை வளர்த்தன.

1926-ல் ஆமதாபாத்தில் ஓர் ஆலை முதலாளி 60 நாய்களைக் கொல்லச் செய்தபோது, காந்தியடிகள் ‘யங் இந்தியா’ பத்திரிகையில் அதை எதிர்க்கவில்லை. கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. உடையவனில்லாத நாய் தெருவில் திரிவது சமூகத்தின் தயையைக் காட்டவில்லை, அறியாமையையும் சோம்பலையுமே காட்டுகிறது என்பது அவர் கருத்து. நாயைக் கொல்வதைப் பற்றி அவரோடு மாறுபடலாம்; சமூகத்தைப் பற்றி அவர் சொன்னதோடு மாறுபட இடமில்லை. கொல்லாமலே தொகையைக் குறைக்கும் வழியும் இருக்கிறது. பிடித்துக் கருத்தடை செய்து தடுப்பூசி போடும் முறையைச் சென்னைப் புளூ கிராஸ் சங்கம் 1964-லேயே தொடங்கியது. தெருநாய் வழக்கு 2025-ல் உச்ச நீதிமன்றம்வரை சென்று, தேசமெங்கும் இரு கட்சியாகப் பேசினார்கள். எந்தக் கட்சியாரும் நாய் என்ன சொல்லுகிறது என்று கேட்டதாகத் தெரியவில்லை.

நம் நாட்டு நாய்க்கு ஆங்கிலேயர் வைத்த பெயர், நம் மக்களில் ஒரு சாராரின் பெயரைத் திரித்து எடுத்தது. மனிதரையும் நாயையும் ஒருங்கே இழிவுசெய்த பெயர். அந்தப் பெயரை இன்னும் வாயில் வைத்திருப்பவர்கள் விட்டுவிடுவது நல்லது. நாட்டு நாய் என்று சொன்னால் போதும்.

பையனுக்குக் கடிபட்ட அன்றும், 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி போட்டார்கள். நாய் பத்து நாளும் நன்றாக இருந்ததென்று குப்பத்து அம்மாள் சொல்லியனுப்பினார். அதை நம்பி ஊசியை நிறுத்தவில்லை. அவன் தாயாரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். “பையன் தெரியாமல் குட்டியைத் தொட்டான்” என்று அந்த அம்மாள் சமாதானம் சொன்னார். பையன் செய்தது தெரியாமல்தான். தெரிந்திருக்க வேண்டியவர் நாம்.

சென்ற வாரம் பள்ளிக்கூடத்து வாசலில், சோற்றுப் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொண்டிருந்த ஒரு நாய் உறுமிற்று. அந்தப் பையன் முன்னால் வந்துகொண்டிருந்தான். நின்றான்; இரண்டு அடி பின்வைத்தான்; பின்னால் வந்த சிறுவர்களைக் கை காட்டி நிறுத்தி, சுற்றிக்கொண்டு அழைத்துப் போனான். நாய் மறுபடி உறுமவில்லை. நம் கையில் குடை இருந்தது. நாம் அதை ஓங்கவில்லை.