ஈயக்குட்டையில் ராஜா மீன்

கோலாலம்பூரில் வேலை, மாதம் ஒருமுறை பீடோர் வீடு என்று ஓடிக்கொண்டிருக்கும் இளம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காணொளிகளைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்து ஒரு ஜோரான் வாங்கிவிட்டேன். நம் ஊர்ப் பக்கம் பாஸ் மீன் எங்கே கிடைக்கும்? எந்தக் கெவாங் போடலாம்?"

முதலில் பாஸ் என்ற பெயரைச் சரி செய்துகொள்வோம். அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் பைத்தியமாகத் துரத்துவது லார்ஜ்மவுத் பாஸ். 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்ட ஒரு மீனும், 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் பிடிபட்ட ஒரு மீனும் இன்றுவரை உலகச் சாதனையைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் 10 கிலோ சொச்சம். அந்த மீனை நம் குட்டைகளில் தேட வேண்டாம். கட்டணக் குளங்களில் விடுகிற சியாக்காப்புக்கும் ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்று பெயர் உண்டு. தமிழ்நாட்டில் அது கொடுவா. பேராக் ஈயக்குட்டைகளில் 'பாஸ்' என்று யாராவது சொன்னால் அது பீகோக் பாஸ், நம் ஊர் வழக்கில் இக்கான் ராஜா.

ராஜா உண்மையில் பாஸ் இனமே இல்லை. திலாப்பியாவுக்கும் கேரளத்துக் கரிமீனுக்கும் உறவு. தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பக்கத்து மீன், அலங்கார மீனாக வளர்க்கப்பட்டு நம் நீர்நிலைகளுக்குள் வந்து சேர்ந்தது. பொன்னிற உடலில் கறுப்புப் பட்டைகள், வால் அடியில் மயில் தோகைக் கண்போல ஒரு புள்ளி. பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான் அகப்படும். இரண்டு கிலோ வந்தால் அன்று வீட்டில் கொண்டாட்டம்.

இனி இடம். பீடோரிலிருந்து பழைய ஈப்போ சாலையில் தாப்பா, தெமோ, கம்பார் வரை போனால் இருபுறமும் குட்டைகள். இன்னும் மேலே மாலிம் நாவார், பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் என்று கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் இதே கதைதான். எந்தக் குட்டை என்று பெயர் சொல்லி எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிறு அங்கே முப்பது மோட்டார் சைக்கிள் நிற்கும். அதற்கடுத்த ஞாயிறு வேலி போட்டிருப்பார்கள். பல குட்டைகளில் மீன் வளர்க்கிறார்கள், வாத்து வளர்க்கிறார்கள். கொய்யாத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் குட்டைகளும் உண்டு. ஆள் இல்லாத மாதிரி தெரிந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளரோ குத்தகைக்காரரோ இருப்பார். பக்கத்துக் கொட்டகையில் போய், "அங்கிள், கொஞ்ச நேரம் தூண்டில் போடலாமா?" என்று கேட்டால் பாதிப் பேர் சரி என்பார்கள். கேட்காமல் நுழைபவர்களால்தான் மீதிப் பேர் முடியாது என்கிறார்கள்.

பெயருக்குப் பதிலாக, எந்தக் குட்டைக்குப் போனாலும் உதவுகிற ஒன்றைச் சொல்கிறேன். இது இயற்கையான குளம் அல்ல, மனிதன் தோண்டிய பள்ளம். எப்படித் தோண்டினார்கள் என்று தெரிந்தால் மீன் எங்கே நிற்கும் என்று தெரியும். நீங்கள் எங்கே நிற்கக் கூடாது என்பதும் தெரியும்.

நம் தாத்தாக்கள் காலத்து ஈய லம்பங்களில் இரண்டு முறைகள் முக்கியமானவை. ஒன்று பாலோங் லம்பம். பீரங்கி மாதிரிக் குழாயால் மண்சுவரில் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைப்பார்கள். கரைந்த சேற்றைப் பம்பு வைத்து, உயரமாகக் கட்டிய மரப் பாலோங்கில் ஏற்றுவார்கள். ஈயமணல் கனமானது, தடுப்புகளில் தங்கிவிடும். வெறும் மணலும் களியும் கடைசியில் வழிந்து வெளியே போகும். மற்றொன்று ஈயக் கப்பல். தான் மிதக்கும் குட்டையைத் தானே தோண்டிக்கொண்டு முன்னே போகும், மண்ணைப் பின்னால் கொட்டும். பெரிய கப்பல்கள் 100 அடிக்கும் கீழே தோண்டின. 1938இல் கட்டி 1982 வரை வேலை செய்த ஐந்தாம் எண் கப்பலைத் தஞ்சோங் துவாலாங் சாலையில் இன்றும் காணலாம்; எடை சுமார் 4,500 டன். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். அதன் வாளிகளைப் பார்த்த பிறகு குட்டையின் ஆழத்தைப் பற்றி விளக்கமே வேண்டாம்.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய விலை சரிந்தது. லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பம்பு நின்ற பள்ளங்களில் மழைநீரும் ஊற்றுநீரும் நிறைந்தன.

பாலோங் குட்டையின் கரையைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் மண் செங்குத்தாக வெட்டியதுபோல் இருக்கும். அது தண்ணீர் பீய்ச்சிக் கரைத்த முகம். இன்னொரு பக்கம் புல்கூடச் சரியாக முளைக்காத வெள்ளை மணல் சரிந்து தண்ணீருக்குள் இறங்கும். அது பாலோங் துப்பிய மணல். ராஜாவைத் தேட வேண்டியது முதலில் இந்த மணல் பக்கத்தில். சிறு மீன்கள் மேய்வது அங்கே, ராஜா ஜோடி சேர்ந்து முட்டையிடுவதும் அங்கேதான். குறிப்பாக, தண்ணீரின் நிறம் வெளிர்பச்சையிலிருந்து சட்டென்று கரும்பச்சையாக மாறும் கோடு. அந்த விளிம்பில்தான் ராஜா ரோந்து வருகிறது. அதற்கு அடுத்தபடி மூழ்கிய மரம், நீரில் சாய்ந்த புதர், தாமரை ஓரம்.

அந்த நிறம் மாறும் கோடு உங்களுக்கும் எல்லைக்கோடு. முழங்கால் அளவு நீரில் நிற்கிறோம் என்று நினைப்பீர்கள். அடுத்த அடி இருபது அடி ஆழமாக இருக்கும். ஈரமணல் காலடியில் மொத்தமாகச் சறுக்கும், பிடித்துக்கொள்ள ஒரு வேர்கூட இருக்காது. செங்குத்துக் கரையில் வேறு ஆபத்து: மேலே புல் பச்சையாக இருக்கும், அடியில் அலை அரித்துக் குடைந்திருக்கும். லம்பத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, கரை முனையில நிக்காத. நாங்க வெட்டும்போதே அது விழும். இப்ப மட்டும் விழாதா?" மூன்றாவது, களி தேங்கிய இடம். வெயிலில் மேலே காய்ந்து வெடித்துத் தரை மாதிரி தெரியும். கால் வைத்தால் இடுப்புவரை போகும். ஒரு நீளக் குச்சியால் குத்திப் பார்க்காமல் அப்படிப்பட்ட இடத்தைக் கடக்காதீர்கள்.

ஆழத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. மேல்நீர் வெயிலில் சூடாகும். அடிநீர் குளிர்ந்தே கிடக்கும், அதில் மீன் மூச்சுவிடப் போதிய ஆக்ஸிஜன் இருக்காது. அதனால் 60 அடி குட்டையானாலும் வேட்டை நடப்பது மேலே சில அடிகளில்தான். ஆழத்துக்குப் போகும் கெவாங்கை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். நீந்தத் தெரிந்தவர்கூட இங்கே திணறுவதற்கு அந்தக் குளிர்நீர் ஒரு காரணம். ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் ஈயக்குட்டையில் பிள்ளை மூழ்கிய செய்தியை நாம் படிக்கிறோம். பல நேரம் ஒருவரைக் காப்பாற்றப் போன இன்னொருவரும் சேர்ந்து போயிருப்பார். யாராவது விழுந்தால் குதிக்காதீர்கள். ஜோரானை நீட்டுங்கள், கயிற்றை வீசுங்கள், மூடிய ஐஸ் பெட்டியைத் தள்ளிவிடுங்கள், 999க்கு அழையுங்கள். மிதவை அங்கி இரண்டு நல்ல ஜப்பான் கெவாங்கின் விலைதான் வரும். கரையில் நின்று பிடிப்பவருக்கு எதற்கு அது என்று கேட்பவர்கள் மேலே உள்ள பத்தியை மறுபடி படிக்கவும்.

சரி, சாமான்களுக்கு வருவோம். ஆறு முதல் ஆறரை அடி நீளம், 8 முதல் 16 பவுண்டு தாங்கும் ஜோரான் போதும். புதியவர் என்றால் ஸ்பின்னிங் கெக்கிலி வாங்குங்கள். பேட்காஸ்டிங் பார்க்க அழகு. பழகும்வரை பாதி நேரம் சிக்கெடுப்பதிலேயே போகும். 20 பவுண்டு பின்னல் நூல், அதன் முனையில் மூன்றடி நீளத்துக்கு 30 பவுண்டு ஃபுளூரோகார்பன். ராஜாவின் வாய் உப்புத்தாள் மாதிரிதான், நூலை அறுக்காது. ஆனால் அதே குட்டையில் தோமான் இருந்தால் கதை வேறு. அதன் பல்லுக்கு 50 பவுண்டு முன்நூல் இல்லாவிட்டால் கெவாங்குக்கு விடைகொடுக்க வேண்டியதுதான்.

கெவாங் பெட்டியை நிரப்ப வேண்டாம். விரல் நீளப் பாப்பர் ஒன்று, மினோ இரண்டு, பத்துக் கிராம் வெள்ளி ஸ்பூன் ஒன்று, சின்ன ஜிக் சில. இவ்வளவு போதும்.

ராஜா கண்ணால் வேட்டையாடும் மீன். இரவில் தூங்கும், இருட்டோடு எழுந்து ஓட வேண்டியதில்லை. வெயில் ஏறும் எட்டு மணியிலிருந்து பதினொன்றுவரை, பிறகு மாலை நான்குக்குமேல். குடும்பத்தோடு வருபவருக்கு இதைவிட வசதியான மீன் கிடையாது. முதல்நாள் கனமழை பெய்து குட்டை தேநீர் நிறத்தில் இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம்.

பாப்பரை விளிம்புக்கு அப்பால் எறிந்து, வளையம் அடங்கும்வரை சும்மா இருங்கள். பிறகு இரண்டு முறை 'ப்ளப்' என்று இழுத்து நிறுத்துங்கள், மறுபடி இழுங்கள். மினோவானால் நிறுத்த வேண்டாம், வேகமாகச் சுற்றுங்கள். பயந்து ஓடுகிற சிறு மீனைத்தான் ராஜா விரட்டும். நீர் வெடித்ததும் புதியவர் செய்யும் வேலை, ஜோரானை வெடுக்கென்று மேலே தூக்குவது. கெவாங் வாயிலிருந்து பறந்து வந்து மரத்தில் மாட்டும். எடை கையில் தெரியும்வரை சுற்றிக்கொண்டே இருந்து, பிறகு பக்கவாட்டில் இழுங்கள். தவறவிட்டால் அதே இடத்துக்கு உடனே ஜிக்கை எறியுங்கள். அவை கூட்டமாகத் திரிபவை. ஒன்று விட்டதை இன்னொன்று எடுக்கும். மாட்டிய மீன் துள்ளித் தலையை உதறும்போது ஜோரான் நுனியைத் தாழ்த்திப் பிடியுங்கள்.

கெவாங் தண்ணீருக்குள் மரத்தில் மாட்டினால் இறங்கிப் போய் எடுக்காதீர்கள். நூலை ஒரு கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி நேராக இழுங்கள். வந்தால் வரட்டும். இடி கேட்டால் ஜோரானைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குள் போங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பீடோர் மலையடிவாரம், பிற்பகல் இடி நமக்குப் புதிதில்லை.

பிடித்ததை விடுவதா, வீட்டுக்குக் கொண்டு போவதா? இதில் எனக்கும் என் நண்பர்கள் சிலருக்கும் ஒத்துப்போகாது. எல்லா மீனையும் திரும்ப விடுவதுதான் பண்பு என்பது அவர்கள் கட்சி. விராலையும் தோமானையும் பற்றி அது சரி. அவை இந்த மண்ணின் மீன்கள். சிவந்த குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் தோமானைத் தூண்டிலால் எடுத்துவிட்டால், அந்தக் கூட்டம் மாலைக்குள் பிற மீன்களின் வயிற்றில். ஆனால் ராஜா? 1960களின் பிற்பகுதியில் பனாமா நாட்டின் காத்துன் ஏரிக்குள் இதே இன மீன் தப்பிப் போனது. 1973இல் வெளியான ஆய்வின்படி, அங்கே சாதாரணமாக இருந்த உள்ளூர் மீன் வகைகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே காணாமல்போயின. அமெரிக்காவின் ஃபுளோரிடா அரசோ 1984இல் திலாப்பியா போன்ற வந்தேறி மீன்களைத் தின்னட்டும் என்று கால்வாய்களில் தானே இதை விட்டது. குளிர் அதிகமானால் ராஜா செத்துவிடும், வடக்கே பரவாது என்பது அவர்கள் கணக்கு. நமக்கு அந்தக் குளிர்கூடத் துணைக்கு இல்லை.

ஆகவே சமைக்கிற அளவு ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கட்சி. ஒரு குட்டையில் பிடித்ததை உயிரோடு வாளியில் வைத்து இன்னொரு குட்டைக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோய் விடுவதை மட்டும் செய்யவே வேண்டாம். நம் ஆறுகளில் இன்னும் மிச்சமிருக்கும் செபாராவுக்கும் லம்பாமுக்கும் அது எமன்.

ராஜாவின் சதை வெள்ளை, நடுமுள் தவிரத் தொல்லை தரும் சிறுமுள் குறைவு. பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுக்கலாம், புளிக்குழம்பும் தாங்கும். பழைய லம்ப நிலத்தில் ஆர்செனிக் போன்றவை தங்கியிருக்கலாம் என்பதால், ஒரே குட்டை மீனை வாரம் தவறாமல் சாப்பிடுவதைத் தவிர்க்கலாம். பிடித்தவுடன் குடல் எடுத்து ஐஸில் வைத்துவிடுங்கள். மதிய வெயிலில் வாளியில் கிடந்த ராஜாவை எந்த மசாலாவாலும் காப்பாற்ற முடியாது.

அடுத்த வாரம்: 1930இல் அணை கட்டி உருவான சென்டெரோ ஏரியில் படகு எடுத்துத் தோமான் பிடிப்பது எப்படி.