வடிகால் இல்லாத தண்டவாளம்

தண்டவாளத்தின் பாரத்தைக் கடைசியில் தாங்குவது மண்தான். சல்லிக்கு அடியிலுள்ள களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் அது இளகிவிடும். வண்டி ஓட ஓட, சிலிப்பர் கட்டைகள் அமுங்கிச் சேறு சல்லிக்குள் பிதுங்கி ஏறும். சேறடைத்த சல்லியில் மழைநீர் வடியாது. மண் இன்னும் இளகும். அதன்பின் சல்லியை எத்தனை முறை இடித்து மட்டம் பார்த்தாலும் தண்டவாளம் மறுபடி இறங்கும். ஓரக்கால்வாயைக் கவனிக்காமல் சல்லிக்குச் செலவழிப்பது வீண்.

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தென்கோடியில் உள்ள செர்டாங்குக்குள் ரயில் வருவதில்லை. மேற்கே பாரிட் புந்தாரிலிருந்து நிபோங் திபால் வழியாக அது வடக்கே போகிறது. கிரியான் ஆற்றையொட்டிய இந்தச் சமவெளியில் வடிகால் போடுவது எளிதல்ல. 1906இல் முடிந்த புக்கிட் மேரா அணை நெல்லுக்காகத் தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ரயிலுக்கோ அதே தண்ணீர் வெளியேற வேண்டும். சரிவே இல்லாத நிலத்தில் கால்வாய் வெட்டுவது சின்ன வேலை. அது எங்கே போய்ச் சேரும் என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை.

ஆகவே மட்டம் பார்ப்பது வெளியேறும் வாயிலிருந்து தொடங்கும். ஆறோ பாசன வாய்க்காலோ மழைக்காலத்தில் எந்த உயரத்துக்கு ஏறும் என்பதே கணக்கின் முதல் எண். அதற்குக் கீழே வாயை வைத்தால் தண்ணீர் திரும்பி வந்துவிடும். தோண்டுவதும் தாழ்ந்த முனையிலிருந்துதான். இல்லாவிட்டால் வெட்டிய குழியே குளமாகும். கால்வாயின் அடிமட்டம் சல்லிப் படுகைக்கும் கீழே இருக்க வேண்டும். 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு கிடைத்தால் நல்லது. கிரியான் பக்கம் அது பெரும்பாலும் கிடைக்காது. வார்த்துக் கொண்டுவரும் சிமெண்டுக் கால்வாயின் பக்கச் சுவரில் கசிவுத் துளைகள் விட்டு, பின்புறம் வடிகட்டித் துணியும் உடைகல்லும் இடுவார்கள். துணி இல்லையென்றால் நுண்மண் வந்து துளைகளை அடைக்கும். மலையை வெட்டிய இடங்களில் சரிவின் உச்சியிலும் ஒரு கால்வாய் வேண்டும்.

2014இல் முடிந்த ஈப்போ–பாடாங் பெசார் இரட்டைப் பாதை, 329 கிலோமீட்டர், இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. இரு பாதைகளுக்கும் நடுவே விழும் மழை வெளியேற, படுகையையே இருபுறமும் சரிவாக அமைக்க வேண்டும்; முடியாத இடத்தில் நடுக்கால்வாய். 25,000 வோல்ட் கம்பிகளைத் தாங்கும் தூண்களின் அடித்தளத்தையும் சிக்னல் கேபிள்களையும் அசைக்காமல் தோண்ட வேண்டும். ஓடும் பாதையில் என்றால், வண்டிகள் நின்ற இடைவெளியில் மட்டுமே வேலை.

காலனி ஆட்சிக் காலத்தில் இந்த மண்வெட்டி வேலையில் பெரும்பகுதி தமிழ்த் தொழிலாளர்களின் கையில் இருந்தது. தோட்டங்களில் கால்வாய் வெட்டியவர்களில் பலரும் அவர்களே. வெட்டிய கால்வாயைத் தூர்வாரிக்கொண்டே இருக்கவும் வேண்டும். ஆனால் கட்டுமானத்துக்குக் கிடைக்கும் பணம் தூர்வாருவதற்குக் கிடைப்பது அரிது என்பது பல ரயில்வேக்களுக்கும் பொதுவான வியாதி. அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னரே புல், வண்டல், உதிர்ந்த சல்லி மூன்றையும் அள்ளிவிட வேண்டும். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அத்தனையும் மறுபடி கால்வாய்க்குள்தான் இறங்கும்.