அந்த மெக்கானிக்கின் பெயரை ஏன் சொல்ல மாட்டேன்?



கொஞ்சம் நீளமான பதிவு. வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

வால்பாறை கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் ஏன் வந்து சேரவில்லை என்பது உறவினர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தெரியும். கார் எஞ்சின் சூடாகி மலைப்பாதையில் நின்றுவிட்டது. அதற்கு மூன்று நாள் முன்புதான் ரேடியேட்டர் மாற்றி, பணம் கட்டி, வண்டியை எடுத்து வந்திருந்தேன். அன்றிலிருந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எந்த ஒர்க்‌ஷாப்? பேரைச் சொல்லுங்க." தம்பி மகன், கூகுளில் ஒற்றை ஸ்டார் கொடுத்து நாலு வரி எழுதச் சொல்கிறான். மச்சான் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்கிறார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்று எழுதத்தான் இந்தப் பதிவு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் என் மாணவர் இல்லை, சொந்தமும் இல்லை.

நடந்தது இதுதான். எங்களுடையது 2012 மாடல் பெட்ரோல் கார். ரேடியேட்டரில் கசிவு. இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு சின்ன ஷெட் நடத்தும் ஒருவரிடம் கொடுத்தேன். புது ரேடியேட்டர், புது கூலன்ட் எல்லாம் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொள்ளாச்சியிலிருந்து கிளம்பினோம். நான், மனைவி, ஐந்து வயதுப் பேத்தி. ஆழியாறு வரை வண்டி அருமையாக ஓடியது. அணைப் பக்கம் விடுமுறைக் கூட்டம். வண்டிகள் ஊர்ந்துதான் போயின. அங்கேதான் மனைவி சொன்னாள்: "என்னங்க, ஏசியில கூலிங்கே வரலை." வெயில் அப்படி என்றேன். செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏறினோம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவில் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டியிருந்தது. மேடு ஏறுகிறோம், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏழாவது வளைவை நெருங்கும்போது முள் சிவப்பில்.

வளைவில் நிறுத்த முடியாது. பின்னால் பஸ். ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். "இந்த வெயில்ல ஹீட்டரா?" என்று மனைவி பதறினாள். ஹீட்டர் என்பது எஞ்சினின் சூட்டையே வாங்கிக் காருக்குள் ஊதும் குட்டி ரேடியேட்டர்தான். நமக்கு வேர்க்கும், எஞ்சினுக்குக் கொஞ்சம் ஆறும். அடுத்த வளைவுக்கு முன் ஓரத்தில் அகலமான இடம் கிடைத்தது. நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

அதுவரை நான் ஃபிசிக்ஸ் வாத்தியார். இறங்கியதும் புத்தி போய்விட்டது. பானெட்டைத் தூக்கினேன். ஆவி வருகிறது. தண்ணீர் குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று, தோளில் கிடந்த துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியின் மேல் வைத்துத் திருப்பப் போனேன்.

"குக்கர்ல ஆவி அடங்காம மூடியத் தொறக்கக் கூடாதுன்னு எனக்கு நாப்பது வருசமாப் பாடம் எடுத்தீங்களே, இப்ப நீங்க என்ன பண்றீங்க?"

மனைவியின் குரல். கையை எடுத்துக்கொண்டேன். பேத்தி எனக்கு ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தாள்.

பிளஸ் ஒன்னில் நான் நடத்தியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், இரண்டு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். குக்கரில் பருப்பு சீக்கிரம் வேகும் காரணமும் அதுதான், கார் ரேடியேட்டருக்கு அழுத்தம் தாங்கும் மூடி போட்டிருக்கும் காரணமும் அதுதான். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கும். உள்ளே அடங்கிக் கிடந்த நீர் அந்தக் கணமே கொதித்து ஆவியோடு முகத்தில் பாயும். 34 வருடம் கரும்பலகையில் எழுதிய விஷயம். அவசரத்தில் கைக்கு அது எட்டவில்லை.

பின்னால் வந்த பிக்கப் வேன் டிரைவர் ஒருவர் நிறுத்தி, முதல் வேலையாக எங்கள் டயருக்கு ஒரு கல்லை அண்டக்கொடுத்தார். நல்ல மனிதர். குடத்துத் தண்ணீரை எஞ்சின் மேலேயே ஊற்றிவிடலாம் என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். கொதிக்கும் உலோகத்தின் மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடக்கூடும்.

மெக்கானிக்குக்கு போன் செய்தேன். குரலை உயர்த்தித்தான் பேசினேன். மறுபேச்சுப் பேசாமல், "வண்டிய ஸ்டார்ட் பண்ண வேண்டாங்க சார், மூடியத் தொட வேண்டாம், நான் வர்றேன்" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் பைக்கில் வந்து சேர்ந்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவியவர் அப்படியே நின்றார்.

"ஃபேன் கனெக்டர மாட்டாம விட்டிருக்கனுங்க சார். நான் பண்ணுன வேலைதான். பசங்க இல்லீங்க."

ரேடியேட்டரைக் கழற்ற ஃபேனையும் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டியவர் அதன் மின் இணைப்பை மட்டும் சொருகாமல் விட்டிருக்கிறார். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். ஃபேன் இல்லாதது தெரியாது. அணைப் பக்கம் ஊர்ந்தபோதும், மலையில் இரண்டாவது கியரில் ஏறியபோதும் காற்று இல்லை. ஏசி குளிராமல் போனதும் இதனால்தான். பல கார்களில் ஏசிக்கும் ரேடியேட்டருக்கும் காற்று இழுப்பது அதே ஃபேன். வண்டி எனக்கு அரை மணி முன்பே சொல்லியிருக்கிறது. மனைவியும் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தில் அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வயரை எலி கடித்துவிட்டது, ஃபேன் மோட்டார் போய்விட்டது, மாற்ற இவ்வளவு ஆகும் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். பணமும் கொடுத்து, "மலை வரைக்கும் வந்தீங்களே தம்பி" என்று நன்றியும் சொல்லியிருப்பேன். கனெக்டர் இருந்த இடம் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. தெரிந்தது அவர் ஒருவருக்கு மட்டும்தான்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து கூலன்ட் ஊற்றினார். ஆயில் அளவுக் கம்பியை எடுத்து, ஆயில் பால் கலந்த காபி போல மாறியிருக்கிறதா என்று பார்த்தார். அப்படி மாறினால் ஹெட் கேஸ்கெட் போய் ஆயிலோடு கூலன்ட் கலக்கிறது என்று அர்த்தம். நல்லவேளை, இல்லை. ஸ்டார்ட் செய்து, ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்கும் வரை பக்கத்திலேயே நின்றார். மேலே போக வேண்டாம் என்று எங்களை முன்னால் இறங்கவிட்டு, பைக்கில் பின்னாலேயே வந்தார். இரண்டு நாள் வண்டியை வைத்திருந்து, ஹெட் வளைந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று எல்லாவற்றையும் சோதித்துத்தான் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. போனை எடுத்து, வண்டி ரிப்பேர் ஆன நாளின் அழைப்புகளைப் பார்த்தேன். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் நான் அவரை நான்கு முறை கூப்பிட்டிருக்கிறேன். "முடிஞ்சுதா தம்பி?" "இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?" ஏழரைக்கு ஷெட்டுக்கே போய் நின்றேன். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுத் தர்றனுங்க சார்" என்றார். "பரவாயில்லப்பா, நான் ஓட்டிப் பாத்துக்கறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டேன். ரேட்டில் முந்நூறு ரூபாய் குறைக்கவும் சொன்னேன். மலையில் நின்றபோது அவர் இதில் எதையும் எடுத்துப் பேசவில்லை.

இதனால் தவறு அவருடையது இல்லை என்று சொல்ல வரவில்லை. வாடிக்கையாளர் எத்தனை முறை கூப்பிட்டாலும் கனெக்டரைச் சொருக வேண்டியது அவர் வேலை. ஆனால் ஃபேன் வேண்டும் என்று தெரியாமல் அவர் விடவில்லை. மூடியைத் திறக்கக் கூடாது என்று தெரியாமல் நானும் கையை வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் பாடம் தெரியும். இரண்டு பேரையும் கெடுத்தது அவசரம். அவருடைய அவசரத்தில் பாதி நான் கொடுத்தது.

என் கருத்து இதுதான். தவறு செய்தவனையும், தவறை மறைத்தவனையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அவர் மறைத்து, இரண்டாவது முறை பணமும் பிடுங்கியிருந்தால், மச்சான் சொன்னபடி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. முதல் ஆளாகப் போயிருப்பேன். உண்மையைச் சொன்னவருக்கு நான் ஒற்றை ஸ்டார் கொடுத்தால், அடுத்த முறை அவர் என்ன செய்வார்? எலி கடித்தது என்பார். அவருடைய இரண்டு பையன்களும் அதைத்தான் தொழில் என்று கற்றுக்கொள்வார்கள்.

இதை நான் வெறுமனே சொல்லவில்லை. பழைய மாணவர்களில் சிலருக்கு அந்தக் கால்வனாமீட்டர் விஷயம் நினைவிருக்கலாம். லேபில் ஒரு பையன் மின்தடையைச் சேர்க்காமல் நேராக செல்லோடு இணைத்துச் சுருளைக் கருக்கிவிட்டான். அவனே வந்து, "சார், நான்தான்" என்றான். எல்லோர் முன்னாலும் திட்டி, பீரியட் முடியும்வரை வெளியே நிற்கவைத்தேன். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை ஒருவன்கூட "நான்தான்" என்று வந்து நின்றதில்லை. கால்வனாமீட்டர்கள் மட்டும் வருடாவருடம் "தானாகவே" கெட்டுப்போயின. அந்தப் பையன் இந்தப் பதிவைப் படித்தால், தம்பி, அன்று நான் செய்தது தப்பு.

இனி வண்டி வைத்திருப்பவர்களுக்கு, அனுபவப்பட்டவன் சொல்வது:

ரிப்பேர் முடிந்ததும் "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கும் முன், "என்னென்ன கழட்டினீங்க?" என்று கேளுங்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லும்போதே விட்டுப்போனது அவருக்கு நினைவுக்கு வந்துவிடும்.

கூலிங் சம்பந்தப்பட்ட வேலை என்றால், ஷெட்டிலேயே எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றி நிற்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு எடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஆகலாம். அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.

மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். குழாய்களில் அடைபட்ட காற்று வெளியேறினால் அளவு இறங்கியிருக்கும். நிரப்பிய பின்னும் இறங்கிக்கொண்டே போனால் கசிவு.

ரிப்பேர் ஆன வண்டியை நேரே மலைக்கு ஓட்டாதீர்கள். இரண்டு நாள் ஊருக்குள், நெரிசலில் ஓட்டிப் பாருங்கள்.

ஓடும்போது சரியாக இருந்து, நின்றால் சூடானால் பெரும்பாலும் ஃபேன். ஓடும்போதே சூடானால் கூலன்ட் குறைவு, தெர்மோஸ்டாட், பம்ப், அடைப்பு என்று தேட வேண்டும். "நம்ம ஊருக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழட்டிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

முள் சிவப்புக்குப் போனால் ஓரங்கட்டி அணையுங்கள். குறைந்தது அரை மணி, முடிந்தால் இன்னும் அதிக நேரம் மூடியைத் தொடாதீர்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கவையுங்கள்.

போன வாரம் பிரேக் ஷூ மாற்ற அதே ஷெட்டுக்குத்தான் போனேன். எப்போது வேண்டும் என்று கேட்டார். "நாளைக்குச் சாயங்காலம் வர்றேன், நடுவுல போன் பண்ண மாட்டேன்" என்றேன். சிரித்தார். மறுநாள் போனபோது, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், கழற்றியவை எல்லாவற்றையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டு வைத்திருந்தார். அவராகவே ஆரம்பித்த பழக்கமாம். திருத்திய விடைத்தாளைப் போல வாங்கிப் பார்த்தேன். முந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை.

வால்பாறை வீட்டுக்காரர்கள் மன்னிக்கவும். அடுத்த மாதம் கட்டாயம் வருகிறோம். அதே காரில்தான்.

அன்புடன்,
உங்கள் ஃபிசிக்ஸ் வாத்தியார்