நன்னடத்தை என்று எழுதித் தருவது யார்?

எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்தில் தேறி, மார்பளவிலும் தேறிய நம் பிள்ளை கடைசியில் காவல் நிலைய விசாரணையில் நிற்கிறான். "குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், வேலை போயிற்று.

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி)-யை எடுத்துப் படியுங்கள் தோழர்களே. சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானாலும் நீங்கள் சம்பந்தப்பட்டவர்தான். 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் இந்த விதியின் பக்கமே நின்றது.

இது எல்லாருக்கும் பொதுவான விதிதானே என்பார்கள். வழக்கு பொதுவாகவா விழுகிறது? சுடுகாட்டுப் பாதை கேட்டு அடிவாங்கியவன் வன்கொடுமைப் புகார் கொடுத்தால், அடித்தவன் கையிலும் ஓர் எதிர்வழக்கு இருக்கும். பிறகு ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசுவார்கள். இரண்டு பக்கச் சாட்சியும் பிறழும். அடித்தவனுக்கு நிலம் இருக்கிறது, பிழைத்துக்கொள்வான். நமக்கு அரசு வேலையை விட்டால் தறிக்கூலியும் கம்பெனி காண்ட்ராக்ட்டும்தான்.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்தையே பாருங்கள். பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று 2022 முதல் போராடும் ஏகனாபுரத்து மக்கள்மீது வழக்கு. 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சங்கம் கேட்ட சாம்சங் தொழிலாளர்கள்மீதும் வழக்கு. நிலத்தையும் கூலியையும் கேட்பது எந்த ஊரில் கெட்ட நடத்தை?

2011-ல் சந்தீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளவயதுத் தவறுக்காக ஒருவரை ஆயுளுக்கும் முத்திரை குத்தக்கூடாது என்ற பார்வையை எடுத்தது. வழக்கை மறைத்தவருக்கே அந்தப் பரிவு கிடைத்தது. அதை நம்பி நீங்களும் மறைத்துவிடாதீர்கள். 2016-ல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு வேறு கணக்குப் போட்டது: வழக்கின் தன்மையை எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும், ஆனால் கேட்ட கேள்விக்கு உண்மையை எழுதியிருக்க வேண்டும். சின்ன வழக்கை மறைத்துவிட்டு, மறைத்ததற்காகவே வேலையை இழந்தவர்கள் உண்டு.

ஆகவே எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி வையுங்கள். 18 வயதுக்கு முன் நடந்ததென்றால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைக் காட்டுங்கள். சமாதானம் பேச வருகிறவர்களிடம், எதிர்வழக்கை உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்வதற்கு முதலில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பிறழ்சாட்சி விடுதலை நமக்கு வேண்டாம். 14(பி)-யில் அந்த விளக்கத்தை நீக்கு என்று அரசிடம் கேட்கும் மனுவில் உங்கள் கல்லூரி மாணவர்களின் கையெழுத்தும் இருக்கட்டும்.

ஜெய் பீம்.